கொம்பு முளைச்ச கட்டில்

அன்புள்ள மோனை,

உன்ரை கடிதம் போன கிழமை கிடைச்சுது. இஞ்சை எல்லாரும் சுகம். எனக்கு மட்டும் ஓங்காளம். சாப்பாட்டாலை வந்ததில்லை, நீ கலியாணத்துக்கெண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிற கட்டிலைப் போய்ப் பாத்ததாலை வந்தது. நான் ஐஞ்சாம் வகுப்போடை பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், எழுத்துப் பிழை இருந்தால் படிச்ச நீ திருத்தி வாசி. தாள் மூத்தவள் கொக்காவின்ரை மகளின்ரை கணக்குக் கொப்பியிலை கிழிச்சது. பின்பக்கம் இருக்கிற பெருக்கல் பிழையெண்டால் அதுக்கும் என்னைப் பேசாதை.

நீ எழுதியிருந்தாய், ரவுணிலை புதுசாத் திறந்த கடையிலை கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை மூண்டும் ஒரே நிறத்திலை முகம் பாக்கலாம் போல மினுங்குதெண்டு. பருத்தித்துறையிலை நீ வாடகைக்கு எடுத்திருக்கிற வீட்டுக்கு அதுதான் வடிவெண்டு. வெள்ளிக்கிழமைக்குள்ளை அச்சவாரம் குடுக்காட்டி வேறை ஆக்கள் கொண்டு போயிடுவினம், அப்பா ஒருக்காப் போய்ப் பாத்துக் குடுங்கோ எண்டு. சரியெண்டு நானும் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, சைக்கிளை எடுத்துக்கொண்டு சண்டிலிப்பாயிலை இருந்து வெளிக்கிட்டன். என்ரை சைக்கிளைத் தெரியுந்தானே. உனக்கும் மூத்தது, கொக்காவுக்கும் மூத்தது. அதின்ரை சங்கதி பிறகு வருது, இப்ப கட்டிலுக்கு வாறன்.

முன்னாலை நிண்டு பாத்தால் உன்ரை கட்டில் மாப்பிளை மாதிரித்தான் நிக்குது. ஆனால் எனக்கு முன்பக்கம் பாக்கிற பழக்கமில்லை. குனிஞ்சு அடியிலை பாத்தன். காலிலை பெருவிரல் நகத்தை வைச்சு அமத்தினன், நகம் உள்ளை போட்டுது. மணந்து பாத்தன், மாம்பால் மணம். பச்சை மாமரம் மோனை. போன மாசம் ஆற்றையோ வளவுக்கை காய்ச்சுக்கொண்டு நிண்டிருக்கும். காலிலை துளை போட்டுச் சட்டத்தைச் செருகுறது எண்ட கதையே இல்லை, மூலைக்கு ரண்டு ஆணி. ஆணித் தலை தெரியாமல் மரத்தூளையும் பசையையும் குழைச்சு அப்பி, அதுக்கு மேலை சாயம், அதுக்கு மேலை வார்னிஷ். மெத்தையைத் தூக்கினன். கீழை தேயிலைப் பெட்டிப் பலகை. ஒண்டிலை பாதி இங்கிலீசு எழுத்தும் ஒரு இலக்கமும் அப்பிடியே கிடக்கு. நீ புதுப் பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு வந்து தேயிலைப் பெட்டிக்கு மேலை படுத்தப் பாக்கிறாய். சீ.

கடைக்காரத் தம்பி ஓடி வந்தான்.

"ஐயா, என்னத்துக்கு அடியிலை பாக்கிறியள்? ஆர் வந்து உங்கடை கட்டிலுக்கு அடியிலை பாக்கப் போகினம்?"

"அடியிலைதானே தம்பி கட்டில் இருக்கு. மேலை இருக்கிறது சாயம்."

அவனுக்கு முகம் கறுத்துப் போச்சுது. நான் விடுவனே. கட்டிலிலை ஏறி இருந்து, எழும்பி எழும்பி நாலு தரம் இருந்து பாத்தன். பூனைக்குட்டி கத்தினமாதிரிக் கத்திச்சுது.

"ஐயா, கட்டில் படுக்கிறதுக்கு. குதிக்கிறதுக்கில்லை."

"கலியாணக் கட்டில் எண்டெல்லே வெளியிலை எழுதிப் போட்டிருக்கிறீர்?" எண்டன்.

சாமான் பாக்க வந்து நிண்ட ரண்டு பொம்பிளையள் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு அங்காலை திரும்பிச்சினம். அவன் என்னை வெளியிலை போகச் சொன்னான். மரியாதையாத்தான் சொன்னவன், என்ரை சைக்கிளைத் தானே எடுத்து ஒழுங்கைப் பக்கம் திருப்பி வைச்சுத் தந்தவன்.

சண்டையிலை பாதை பூட்டி மரம் வராத காலம் எண்டு எனக்குத் தெரியும். வன்னியிலை இருந்து ஒரு பலகை இஞ்சாலை வாறதெண்டால் ஒரு மனிசன் வாறதிலும் பாக்கக் கஷ்டம். இருக்கிறதை வைச்சுத்தான் அவனும் சீவிக்க வேணும். பச்சை மாமரத்தைப் பச்சை மாமரம் எண்டு சொல்லி விக்கட்டும், நான் ஒண்டும் சொல்லன். அவன் அதுக்கு முதிரை எண்டு பேர் வைச்சிருக்கிறான். காஞ்ச முதிரையிலை ஆணியடிச்சால் ஆணியெல்லே வளையும். அந்தப் பேரை உந்த மாங்காய்க் கட்டிலுக்கு வைக்க அவனுக்கு வாய் வந்ததுதான் எனக்கு அருவருப்பு. அதை நம்பி அச்சவாரம் குடுக்கச் சொல்லி எழுதின என்ரை மகனை நினைக்க அதிலும் அருவருப்பு. கந்தோரிலை கடுதாசியளைப் புரட்டிப் புரட்டிப் பாக்கிறனி, ஒரு கட்டிலைப் புரட்டிப் பாக்கத் தெரியேல்லை.

உன்னைச் சொல்லி என்ன. நானும் உதையேதான் செய்தனான். எண்பத்துநாலிலை கொக்காவின்ரை கலியாணத்துக்கு, மாப்பிளை கொத்தானின்ரை ஆக்கள் வாயைப் பிளக்க வேணுமெண்டு கொழும்பிலை இருந்து ஒரு செற் இறக்கினன். மரத்தூளைப் பசையிலை குழைச்சு அமத்தின பலகை, அதுக்கு மேலை மரவரி மாதிரி ஒரு கடுதாசி. மரமில்லை, மரத்தின்ரை படம். தெல்லிப்பழையிலை கொக்கா வீட்டிலை ஒரு கார்த்திகை மழைதான் தாங்கிச்சுது. அடுத்த மழைக்கு அலுமாரியின்ரை கால் தேத்தண்ணியிலை தோய்ச்ச பாண் மாதிரி ஊதிப்போச்சு. லாச்சி இழுத்தால் கைபிடி மட்டும் கையோடை வரும். கொக்கா பாவம், அப்பா மனம் நோவார் எண்டு எனக்குச் சொல்லாமல் பசை வாங்கி வாங்கி ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பேந்து தொண்ணூறிலை சண்டையாலை அங்காலை இருந்து எல்லாரும் வீட்டை விட்டு எழும்பின நேரம், நானும் கொத்தானும் அந்த அலுமாரியை ட்ராக்டரிலை ஏத்தத் தூக்கினம். அடி நிலத்திலை நிண்டுது, மேற்பாதி எங்கடை கையிலை வந்துது. கதவு ரண்டும் ரண்டு பக்கம். கொக்காவின்ரை கூறைச்சீலையிலை இருந்து உள்பாவாடை வரைக்கும் ஒழுங்கை முழுக்கக் கிடந்துது. சனம் மேலை ஹெலியைப் பாக்கிறதோ உதைப் பாக்கிறதோ எண்டு தெரியாமல் நிண்டுது. வீட்டை விட்டு வரேக்கை அழாத பிள்ளை அப்பதான் அழுதாள். அதே ட்ராக்டரிலை பக்கத்து வீட்டுக்காரரின்ரை பழைய முதிரை அலுமாரி ஒண்டும் வந்தது. சங்கானை வளைவிலை அது கீழை விழுந்தும் போச்சுது. மூலையிலை ஒரு சிராய்ப்பு, வேறை ஒண்டுமில்லை. அண்டைக்கு முடிவெடுத்தனான், இனி எங்கடை குடும்பத்திலை ஆருக்கும் மினுங்குற சாமான் வேண்டுறேல்லை, ஆரும் பாவிச்சுப் பாவிச்சுச் சோதிச்சு முடிச்ச சாமான்தான் எண்டு. பழசு எண்டால் பழுதெண்டு நினைக்காதை. பழுதாப் போறது எப்பவோ பழுதாப் போயிருக்கும், மிஞ்சி நிக்கிறதுதான் பழசு.

இப்ப மானிப்பாயிலை ஒரு ரீச்சரம்மா மகளோடை இருக்கக் கொழும்புக்குப் போறா. அவவிட்டை ஒரு முதிரைக் கட்டில் இருக்கு. இருட்டிலை வள்ளமேறிக் கிளாலிக் கடலாலை கட்டிலைக் காவிக்கொண்டு போகேலுமே, விக்கிறா. போய்ப் பாத்தன். ஒரு பக்கத்தைத் தூக்கப் போய் எனக்கு நாரிதான் பிடிச்சுது, கட்டில் அசையேல்லை. போற சனத்தின்ரை சாமானை வேண்டுறது சரியில்லை எண்டு எனக்கும் ஒரு மாதிரி இருந்தது. அவவிட்டையே கேட்டன். "நான் போனாப் பிறகு ஆரோ கதவை உடைச்சு விறகுக்குக் கொத்துறதிலும் பாக்க, ஒரு குடும்பம் படுத்தெழும்பட்டும்" எண்டு சொன்னா. அந்தக் கட்டிலைத்தான் உனக்கு வேண்டுவம் எண்டு வந்து கொம்மாவுக்குச் சொன்னன்.

கொம்மா அகப்பையோடை குசினியிலை இருந்து வெளியிலை வந்தா.

"ஆர் படுத்ததோ, ஆர் செத்ததோ. என்ரை பிள்ளை மற்றவையின்ரை கட்டிலிலையோ கலியாணம் முடிச்சுப் படுக்கிறது? எனக்கு நீங்கள் புதுசாச் செய்விச்சுத்தானே கொண்டந்தனீங்கள்? அவனுக்கு மட்டும் என்ன வந்தது?"

நான் தேத்தண்ணிக் கோப்பையை வைச்சிட்டு முற்றத்துக்கு இறங்கீட்டன். ஏனெண்டு இப்ப சொல்லப் போறன். ஒருத்தரும் பக்கத்திலை இல்லையெண்டு பாத்திட்டு வாசி. உன்ரை பொம்பிளை கலியாணத்துக்குப் பிறகு வாசிக்கட்டும், முதலே வாசிச்சால் எங்கடை குடும்பத்திலை பொம்பிளை எடுக்கவே யோசிப்பள்.

எங்கடை கலியாணம் பொருந்தினாப் பிறகு உன்ரை அம்மப்பா என்னைக் கூப்பிட்டு, வீடும் தோட்டமும் எழுதுறன், கட்டிலை நீர் பாத்து நல்ல முதிரையிலை செய்வியும் தம்பி எண்டு காசைக் கையிலை தந்தார். நான் ரவுணுக்குப் போனன், மரம் விக்கிற மரக்காலைக்குத்தான் போனன். போற வழியிலை ஒரு சைக்கிள் கடை. பச்சை நிறம், பின்னுக்குக் கரியர், மணி அடிச்சால் கோயில் மணி மாதிரி. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு, இதுக்கு மேலை என்ன சொல்ல. சைக்கிளிலை வீட்டை வந்தன். சைக்கிள் என்ரை புகையிலைக் காசு, கட்டில் ரவுணிலை செய்யுப்படுது எண்டு எல்லாருக்கும் சொன்னன். மிச்சக் காசுக்குக் கட்டிலின்ரை ஒரு கால்தான் செய்யலாம்.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்க, குருநகரிலை ஒரு கடற்றொழில் குடும்பம் வள்ளம் கட்டுறதுக்காகக் கட்டில் விக்கினம் எண்டு கேள்விப்பட்டுப் போனன். முதிரை. நாலு ஆம்பிளையள் வேணும் தூக்க. மிச்சக் காசோடை கொஞ்சம் கடனும் பட்டு வேண்டினன். ஒரே ஒரு கரைச்சல், தலைமாட்டுப் பலகையின்ரை நடுவிலை ஒரு சாண் உயரத்திலை சிலுவை. செதுக்கி எடுத்தால் பலகையிலை பள்ளம் விழும். சுன்னாகத்திலை எனக்குப் பழக்கமான ஒரு ஆசாரியார் இருந்தவர், கொஞ்ச நேரம் தாடியைச் சொறிஞ்சிட்டு, சிலுவையின்ரை கை ரண்டின்ரை நுனியிலையும் ஒவ்வொரு துண்டு ஒட்டி மேலை நிமித்தி விட்டார். சூலம். சோக்கான சூலம். எங்கடை வைரவர் கோயிலிலையும் அப்பிடி ஒண்டு இல்லை. கட்டில் வண்டிலிலை வந்து இறங்க, அம்மப்பா என்ரை முதுகிலை தட்டினவர். கொம்மா அண்டையிலை இருந்து வெள்ளிக்கு வெள்ளி அந்தச் சூலத்துக்குத் திருநீறும் ஒரு பூவும் வைக்கிறா. எனக்கெண்டு சூலம் வைச்சுச் செய்விச்சவர் எண்டு ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. முப்பத்தேழு வருசம்.

போன வருசம் குருநகர்ப் பக்கம் செல்லடி கூட, அங்கத்தையச் சனம் உள்ளுக்கு வந்து தெரிஞ்ச வீடு தெரியாத வீடெண்டு இருந்தினம். எங்கடை வீட்டுக்கு மதலேனக்காவும் மகனும் மருமகளும் வந்து இப்பவும் இஞ்சைதான் இருக்கினம். நீயும் கண்டனிதானே, முன் விறாந்தையிலை சுருட்டுப் பத்திக்கொண்டு இருந்த மனிசி. நான் ஏன் அவவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சுருட்டுக் குடுக்கிறன் எண்டு கேட்டனி, இரக்கம் எண்டு சொன்னன். பொய்.

வந்த அண்டைக்கு அந்த மனிசிக்கு இடுப்பு நோ. கொம்மா தன்ரை கட்டிலைக் காட்டி, இதிலை கொஞ்சம் சரியுங்கோ அக்கா எண்டு சொல்லிப்போட்டுத் தோட்டத்துக்குப் போட்டா. நான் தேத்தண்ணி கொண்டு போனன். மனிசி படுக்கேல்லை. கட்டிலுக்கு முன்னாலை நிண்டு, தலைமாட்டுப் பலகையை ஒரு விரலாலை தடவிக்கொண்டு நிக்குது. பிறகு குனிஞ்சு, இடது பக்கச் சட்டத்துக்கு அடியிலை கையை விட்டுது. அப்பிடியே என்னைத் திரும்பிப் பாத்துது.

"தம்பி, என்ரை சிலுவைக்குக் கொம்பு முளைச்சிருக்கு."

தேத்தண்ணி என்ரை காலிலை ஊத்துப்பட்டுப் போச்சுது.

"அக்கா, மெல்லக் கதையுங்கோ. உங்களைக் கும்பிட்டன்."

என்ரை கையைப் பிடிச்சு இழுத்துச் சட்டத்துக்கு அடியிலை வைச்சா. இத்தினை வருசம் அதுக்கு மேலை படுத்த எனக்குத் தெரியாது, அங்கை ஏழு வெட்டு இருக்கு. ஒவ்வொரு பிள்ளை பிறக்கேக்கையும் அவவின்ரை மனிசன் மீன் கத்தியாலை ஒரு வெட்டுப் போட்டிருக்கிறார். அந்த மனிசனை ஒரு மாரியிலை கடல் கொண்டு போட்டுது. கட்டில் விற்ற காசிலை கட்டின வள்ளம்தானாம். அதைச் சொல்லேக்கை அவவும் என்னைப் பாக்கேல்லை, நானும் அவவைப் பாக்கேல்லை. பிறகு சொன்னா, "பயப்பிடாதை. சொல்லமாட்டன். ஆனால் சுருட்டு நல்லதாத் தர வேணும், தோட்டத்திலை கழிச்சு விட்ட இலையிலை சுத்தினது தந்தியெண்டால் எனக்கு வாய் சும்மா இராது." அண்டையிலை இருந்து முதல்தரச் சுருட்டுத்தான் குடுக்கிறன். வேண்டித்தான் குடுக்கிறன், உன்ரை அப்பன் நட்ட புகையிலையை அந்த மனிசி மணந்து பாத்தே தள்ளிப்போட்டுது.

இப்ப போன வியாழனுக்கு வாறன். அடுத்த நாள் உன்ரை அச்சவாரத் தவணை. கடைக் கட்டில் வேண்டாமெண்டு நான், பழங்கட்டில் வேண்டாமெண்டு கொம்மா. மத்தியானச் சோறு ஆறிப்போச்சு. கடைசியிலை கொம்மா கையைக் கழுவிப்போட்டு வந்து சொன்னா, "சரி. என்ரை கட்டிலைக் குடுப்பம். அது ஆரும் படுத்ததில்லை, எனக்கெண்டு செய்தது. மூண்டு தலைமுறைக்குக் கிடக்குமெண்டு நீங்களே சொல்லுறனீங்கள். நான் பாயிலை படுப்பன்."

அவவின்ரை முழங்காலை உனக்குத் தெரியும். நிலத்திலை இருந்தால் ரண்டு பேர் பிடிச்சுத் தூக்க வேணும். கோயிலிலையும் வாங்கிலை இருந்து கும்பிடுற மனிசி. மதலேனக்கா விறாந்தையிலை இருந்து என்னைப் பாத்தா. சுருட்டை நிலத்திலை தேய்ச்சு நூத்துப்போட்டுப் பாத்துக்கொண்டே இருந்தா. எனக்கு அந்தப் பார்வை தாங்கேலாமல் போச்சுது. பொய்யிலை படுத்தது நான், அதுக்கு நிலத்திலை படுக்கிறது அவவோ. உவன் கடைக்காரன் மாமரத்தை முதிரை எண்டு வித்ததுக்கு ஓங்காளிச்சன், நான் பழசைப் புதுசெண்டு குடுத்தவன். சாமான் திறம், சொல்லுத்தான் மாமரம்.

கொம்மாவைக் கட்டிலிலை இருத்தி எல்லாத்தையும் சொன்னன். சிலுவை, சூலம், ஏழு வெட்டு. எனக்குப் பேச்சு விழுமெண்டு குனிஞ்சு கொண்டு நிண்டன். அவ என்னைப் பாக்காமல், வாசலடிக்கு வந்து நிண்ட மதலேனக்காவைப் பாத்துத்தான் கேட்டா.

"ஏழும் சுகமா இருக்குதுகளோ அக்கா?"

"ஆறு இருக்கு. ஒருத்தன் தேப்பனோடை கடலிலை போட்டான். கட்டில் ஒருத்தரையும் எடுக்கேல்லை பிள்ளை."

கொம்மா எழும்பிப் போய் அவவுக்குப் பக்கத்திலை கொஞ்ச நேரம் இருந்தா. நான் தப்பீட்டன் எண்டு மெல்லமா அங்காலை அரக்கப் பாத்தன்.

"நில்லுங்கோ. அப்ப எங்கடை ஐயா தந்த கட்டில் காசு?"

என்ரை கண் முற்றத்துச் சைக்கிளிலை போய் நிண்டுது, அவ்வளவுதான். அவவும் அங்கை பாத்தா.

"என்னை முன்னாலை ஏத்திக்கொண்டு கோயிலுக்குப் போகேக்கை, என்ரை உழைப்பிலை வேண்டின சைக்கிள், இறுக்கிப் பிடி எண்டெல்லே சொன்னனீங்கள்?"

மதலேனக்கா சிரிச்ச சிரிப்பிலை அவவின்ரை இடுப்பு நோ திரும்ப வந்திட்டுது.

கட்டில் பழசெண்டது கொம்மாவுக்கு ஒரு நாள் கோவம்தான். சைக்கிள்தான் பெரிய கோவம். மூண்டு நாள் உப்பில்லாத கறி. நாலாம் நாள் தீர்ப்பு வந்தது. கட்டில் காசிலை வந்த சைக்கிள் கட்டிலாத் திரும்ப வேணுமாம். எண்ணெய் இல்லாத இந்தக் காலத்திலை ஓடுற சைக்கிளுக்கு என்ன மதிப்பெண்டு உனக்குத் தெரியும். நேற்று விற்றாச்சு. ரீச்சரம்மாவின்ரை கட்டில் கொம்மாவுக்கெண்டு வீட்டை வந்தாச்சு. இறக்கின உடனை கொம்மாவே குனிஞ்சு அடியிலை பாத்தா, நகத்தை வைச்சு அமத்தினா, பிறகுதான் ஏறி இருந்தா. கடைக்காரன் கண்டிருந்தால் கடையைப் பூட்டியிருப்பான்.

உனக்கு எங்கடை சூலக் கட்டில்தான், வாற புதன்கிழமை வண்டிலிலை வருது. கடைக்காரனுக்கு அச்சவாரம் குடுக்கேல்லை, அவனுக்கு நான் திரும்ப வரமாட்டன் எண்ட சந்தோசமே போதும். சூலத்தின்ரை கொம்பைக் கழட்டிவிடட்டோ எண்டு மதலேனக்காவைக் கேட்டன், கிடக்கட்டும், இத்தினை வருசம் பூ வைச்சது வீணாப் போகப்படாது எண்டு சொல்லிப்போட்டா. வார்னிஷ் ஒண்டும் அடிக்காதை. இடது பக்கச் சட்டத்துக்கு அடியிலை கையை விட்டுத் தடவிப் பார். ஏழு வெட்டுக்குப் பக்கத்திலை புதுசா ரண்டு இருக்கும், ஒண்டு கொக்கா, ஒண்டு நீ. கொம்மாதான் குசினிக் கத்தியைக் கொண்டந்து தந்தவ. அதுக்கு அங்காலை சட்டம் வெறுமையாக் கிடக்கு, நல்ல கத்தியா ஒண்டு வைச்சிரு.

இனி இந்தக் கடிதத்தைத் தபால்கந்தோருக்குக் கொண்டு போக வேணும். நடந்துதான். கொம்மா நான் நடக்கிறதைப் பாக்கவெண்டு படலையடியிலை கதிரை போட்டு இருக்கிறா. பக்கத்திலை மதலேனக்காவுக்கும் ஒரு கதிரை.

அப்பா